கருத்துப் பெட்டியில் கிடைத்த எழுத்து வேலை

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு கேட்டலாக், இணையதள விவரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். தெரிந்தவர்கள் வழியாக வந்த ஆர்டர்கள் ஒரு சீசனில் வற்றிப்போனதும் தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் பக்கம் போனேன்.

முதல் வேலை, பெயருக்குக் கீழே வரும் வரி. அதில் 220 எழுத்து வரை இடம் உண்டு. 'கன்டென்ட் ரைட்டர்' என்பதை எடுத்துவிட்டு, 'பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு கேட்டலாக் எழுதுகிறேன்' என்று போட்டேன். நாம் எங்கே கருத்துச் சொன்னாலும் அந்த வரியின் தொடக்கம் கூடவே போகும்.

அப்புறம்தான் நிஜமான மாற்றம். சொந்தப் பதிவுகளைவிட மற்றவர்கள் பதிவுக்குக் கீழே எழுதியது அதிகம் உதவியது. நூல் விலையைப் பற்றி ஒரு ஏற்றுமதியாளர் எழுதினால், 'அருமை சார்' என்று போட மாட்டேன். துணியின் ஜிஎஸ்எம்மை (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு எப்படி எளிதாக விளக்கலாம் என்று நாலு வரி எழுதுவேன். அதைப் படித்தவர்கள் இன்பாக்ஸில் வந்தார்கள்.

இன்ஸ்டாகிராம் எனக்குச் சரிப்படவில்லை. கேப்ஷனில் போடும் லிங்க்கை அழுத்தித் திறக்கவே முடியாது.

ஒரு டி-ஷர்ட் விவரத்தின் பழைய வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் அருகருகே வைத்து, லிங்க்ட்இன் புரொஃபைலின் மேலே நிறுத்தியிருக்கிறேன். இலவச சாம்பிள் கேட்பவர்களுக்கு (கேட்காதவர் யார்!) அதன் லிங்க்தான் போகிறது.