பத்தமடைப் பாயிலிருந்து ஒரு கருப்பட்டி லேபிள்: புதிய வடிவமைப்பாளருக்கான செய்முறை

கருப்பட்டிப் பாக்கெட்டுக்கு லேபிள் செய்யச் சொன்னால், தொழிலுக்குப் புதியவர்கள் உடனே இணையத்தில் படம் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். கிடைப்பது வழக்கமான கறுப்புப் பனைமரம், பின்னால் ஆரஞ்சுச் சூரியன், ஓரத்தில் ஒரு பச்சை இலை. பக்கத்துக் கடைப் பாக்கெட்டிலும் அதே பனைமரம்தான் நிற்கிறது. நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு இப்படிச் செய்வது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை எடுங்கள். அது எப்படி உருவாகிறது என்று பாருங்கள். வடிவம் அங்கிருந்து வரட்டும். இங்கே நாம் எடுக்கப்போகும் பொருள் பத்தமடைப் பாய். செய்யப்போவது அரைக் கிலோ பனங்கருப்பட்டிக்கு இரண்டு நிறத்தில் ஒரு லேபிள்.

வேண்டியவை அதிகமில்லை: கட்டம் போட்ட நோட்டு, பென்சில், அளவுகோல், கைபேசிக் கேமரா, இன்க்ஸ்கேப் மென்பொருள் உள்ள கணினி. இன்க்ஸ்கேப் இலவசம்; தமிழ் எழுத்தையும் உடைக்காமல் காட்டும்.

படி 1: முதலில் கடைக்குப் போங்கள்

"எப்படி வேண்டும், அண்ணாச்சி?" என்று கேட்டால், "நல்லதாகச் செய்து கொடுங்கள், தம்பி" என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு கோடுகூடப் போட முடியாது. கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். பாக்கெட் உங்கள் கடையிலேயே விற்குமா, வெளியூருக்குப் பார்சலில் போகுமா? வாங்குபவர் கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவரா, சர்க்கரைக்கு மாற்றுத் தேடி வருபவரா? முதல் தடவை எத்தனை லேபிள் அடிக்கப்போகிறீர்கள்? எதன்மேல் ஒட்டப்போகிறீர்கள்?

கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் கசியும். சாதாரணக் காகித லேபிள் அந்தக் கசிவில் ஊறி உரிந்துபோகும். பிளாஸ்டிக் உறைமேல் ஸ்டிக்கரா, பழுப்பு அட்டைப் பெட்டியா, ஓலைப் பெட்டியில் கட்டித் தொங்கவிடும் அட்டையா என்பது முதல் நாளே முடிவாக வேண்டும். அதைப் பொறுத்து நிறமும் மாறும்.

கிளம்புமுன் ஒரு கருப்பட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். பதநீரைக் காய்ச்சிய பாகைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பதால் வந்த அரைக்கோளம் அது. கீழே தட்டை, மேலே வளைவு. லேபிளின் வெளிக்கோடு இப்போதே கிடைத்துவிட்டது.

படி 2: எழுதியே தீர வேண்டியதை முதலில் எழுதுங்கள்

அழகாக ஒரு லேபிளை முடித்த பிறகு "உரிம எண் எங்கே போடுவது?" என்று இடம் தேடுவது தொடக்கநிலையில் எல்லோருக்கும் நேர்வது. தலைகீழாகச் செய்யுங்கள். பொருளின் பெயர், உட்பொருள், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற குறிப்பு, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்லத் தொடர்பு எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரை, அதன் 14 இலக்க உரிம எண், சைவக் குறி. எடையை எவ்வளவு உயர எழுத்தில் அச்சிட வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. ஊட்டச்சத்துப் பட்டியல் வேண்டுமா என்பதை, உரிமம் எடுத்துத் தந்தவரிடம் கேட்டுச் சொல்லும்படி கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. சைவக் குறி என்பது பச்சைச் சதுரக் கோட்டுக்குள் பச்சை வட்டம். அதைப் பச்சையில்தான் அச்சிட வேண்டும். நம்மிடம் இருப்பது இரண்டே நிறம். அப்படியானால் ஒன்று பச்சை. மற்றொன்றில்தான் எழுத்துகள் எல்லாம் வர வேண்டும், ஆகவே அது ஆழ்ந்த நிறமாக இருக்க வேண்டும். எந்த ஆழ்ந்த நிறம் என்பதைப் பாய் சொல்லும்.

படி 3: பாயைப் பார்த்து வாருங்கள்

பத்தமடை சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைக் காயவைத்து, மெல்லிதாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, சாயமேற்றி நெய்கிறார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிழிப்பு எவ்வளவு மெல்லிதோ அவ்வளவுக்குப் பாய் துணிபோல் வளையும். பட்டுப் பாய் என்று சொல்வது அந்த உயர்ந்த ரகத்தை. கேட்டுவிட்டுப் படமெடுங்கள். ஒரு சின்னத் தடுக்காவது, அதாவது உட்காரும் சிறு பாயாவது, விலைக்கு வாங்கி வாருங்கள். மேசையில் கிடக்கும் தடுக்கு, கைபேசியில் கிடக்கும் நூறு படத்தைவிட உபயோகமானது.

இப்போது நெசவைக் கவனியுங்கள். நெடுக்காக ஓடுவது நூல், குறுக்காக ஓடுவது கோரை. சாயம் ஏறியிருப்பது கோரையில். ஆகவே நிறம் பட்டை பட்டையாக வருவதுதான் அந்தத் தறிக்கு இயல்பு. வளைவு வேண்டுமென்றால் அதைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்தே கொண்டுவர வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது இந்த ஒழுங்கை மட்டும்தான். ஒரு நெசவாளரின் குறிப்பிட்ட பூவேலையை அப்படியே நகலெடுத்து அச்சடிப்பது வேறு கதை. அதற்கு அவரிடம் கேட்டு, பணமும் கொடுக்க வேண்டும். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. கருப்பட்டி லேபிளில் பத்தமடை என்ற பெயரைப் போட்டு வியாபாரம் செய்ய நினைக்காதீர்கள்.

அதே பஸ் பயணத்தில் வேறு சிலவற்றையும் சேகரிக்கலாம். திருநெல்வேலி டவுன் ரத வீதிகளின் பழைய பெயர்ப் பலகைகள், குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலின் கல்விளிம்புகள், கிருஷ்ணாபுரம் சிற்பங்களின் நகைவேலை. பல கோயில்களில் கைபேசிக்கு அனுமதி இல்லை என்பதை நான் குறையாக எண்ணுவதில்லை. பென்சிலால் வரையும்போது கோடு கோடாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேமரா அந்த வேலையை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. ஆனால் ஒரு லேபிளுக்கு ஒரு பொருள் போதும். மற்றதெல்லாம் நோட்டில் காத்திருக்கட்டும்.

படி 4: பட்டைகளை எண்ணாக மாற்றுங்கள்

பாயின் ஓரப் பட்டைகளின் அகலத்தை அளந்து, மிக மெல்லியதை 1 என்று வைத்து மற்றவற்றை அதன் மடங்காக எழுதுங்கள். உதாரணமாக: சிவப்பு 2, வெறுமை 1, பச்சை 1, வெறுமை 1, சிவப்பு 6. பிறகு அதையே திருப்பி எழுதினால் முழு ஓரம் வந்துவிடும். வெறுமை என்பது சாயம் ஏறாத கோரையின் வைக்கோல் நிறம். லேபிளில் அந்த இடத்தில் காகிதம் தெரியும். செலவில்லாமல் மூன்றாவது நிறம்.

கட்ட நோட்டில் ஒரு கட்டம் 1 என்று கொண்டு இதை வரையுங்கள். அரைக்கோள வெளிக்கோட்டையும் அதே கட்டத்தில் படிப்படியாக உடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் லேபிளுக்கு முகம் வருகிறது. முதல் படமே பிடித்துவிட்டாலும் பட்டை அகலங்களை மாற்றி இன்னும் சிலவற்றை வரையுங்கள்.

கணினிக்கு வந்ததும், இன்க்ஸ்கேப்பில் 90 × 120 மி.மீ. பக்கம் திறந்து, 1.5 மி.மீ. கட்டத்தை இயக்கி, வரையும் கோடு கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் வசதியையும் இயக்குங்கள். ஒரே ஒரு அலகை மட்டும் செவ்வகங்களால் செய்யுங்கள். எடிட், குளோன், கிரியேட் டைல்டு குளோன்ஸ் என்ற வழியில் போனால் அந்த அலகு வரிசையாகப் பெருகும். மூல அலகை மாற்றினால் எல்லாம் சேர்ந்து மாறும்.

படி 5: நிறம்

பாயைக் காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத திண்ணையில் வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளோடு படமெடுங்கள். டியூப் லைட்டில் எடுத்தால் சிவப்பு கெட்டுவிடும். படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு நிறம் எடுக்காதீர்கள். கோரையின் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு நிறம் காட்டும். படத்தை நன்றாக மங்கலாக்கிவிட்டு எடுத்தால் கண் பார்க்கும் சராசரி நிறம் கிடைக்கும். இருண்ட சாயச் சிவப்பு எழுத்துக்கும் அகலப் பட்டைக்கும், பச்சை மெல்லிய பட்டைக்கும் சைவக் குறிக்கும்.

சில நூறு லேபிள்தான் என்றால் டிஜிட்டல் அச்சே போதும். அங்கே நிறத்தின் எண்ணிக்கை விலையை மாற்றாது. ஆயிரக்கணக்கில் என்றால் ஆப்செட். ஆப்செட்டில் ஒரு நிறத்துக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு), ஆகவே இரண்டு நிறம் என்பது நேரடியான சிக்கனம். அச்சகத்தில் மை கலப்பவரிடம் எண்களைச் சொல்வதோடு தடுக்கையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். பழுப்பு அட்டையில் அச்சிட்டால் எந்த நிறமும் கொஞ்சம் மங்கி, இருண்டுதான் விழும். அதற்குத் தகுந்தபடி பச்சையைச் சற்று வெளிச்சமாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பிளேட்டும் மயிரிழை விலகி விழுவது சகஜம். சிவப்பும் பச்சையும் ஒட்டி நின்றால் அந்த விலகல் பல்லிளிக்கும். நம் அமைப்பில் இரண்டுக்கும் நடுவே ஒரு வெறுமைப் பட்டை இருப்பதால் யாருக்கும் தெரியாது. பொடி எழுத்துகளை ஒரே நிறத்தில் வைக்கச் சொன்னதற்கும் இதுவே காரணம்.

படி 6: எழுத்து

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் 1586-இலேயே தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. இந்த மண்ணில் தமிழ் எழுத்தைக் கோணலாக அச்சடிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வேன்.

யூனிகோடு எழுத்துருக்களையே பயன்படுத்துங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி, மீரா இனிமை ஆகியவை இலவசம். வணிக வேலைக்கும் தடையில்லை. பெயருக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று, அதற்குமேல் வேண்டாம். இகரச் சுழி மேலே போகும், உகரம் கீழே இறங்கும். ஆகவே வரி இடைவெளி எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு நெருக்கமாக இருக்கட்டும். இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்காதீர்கள். அளவைக் குறையுங்கள் அல்லது வரியை உடையுங்கள். ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கடைப் பெயரில் "நெல்லை" என்று இருந்தால் உங்களுக்கு யோகம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் லை என்ற எழுத்தில், ஐகாரம் தனியாக முன்னால் நிற்காமல் லகரத்தோடு ஒட்டிய சுழியாக இருந்தது. பழைய பலகைகளில் தேடிப் பாருங்கள். இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலும் அது கிடைக்காது. நீங்களே வரைய வேண்டும். பெயரில் மட்டும் வையுங்கள். விவரப் பகுதியில் வைத்தால் இளையவர்கள் தடுமாறுவார்கள்.

படி 7: வெட்டி ஒட்டிப் பாருங்கள்

நிஜ அளவில் அச்செடுத்து, வெட்டி, நிஜப் பாக்கெட்டில் ஒட்டி, கடை அலமாரியில் மற்ற பாக்கெட்டுகளோடு வையுங்கள். நாலடி தள்ளி நின்று பெயர் படிக்க முடிகிறதா? "பெயரை இன்னும் பெரிதாக்குங்கள், தம்பி" என்று அண்ணாச்சி சொல்வது உறுதி. வாதம் வேண்டாம். இரண்டு அளவில் ஒட்டி வையுங்கள்; அவரே எடுத்துப் பார்க்கட்டும். சில சமயம் அவர் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது நான்கு பக்கமும் வெட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். எழுத்துகளை வளைகோடாக (பாத்) மாற்றி, மாற்றாத பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்க்ஸ்கேப்பில் அச்சு நிறப் பிரிப்பு பலவீனம். ஆகவே சிவப்பு வரவேண்டியதெல்லாம் ஒரு பிடிஎஃப், பச்சை வரவேண்டியதெல்லாம் இன்னொரு பிடிஎஃப், இரண்டும் முழுக் கறுப்பில், இரண்டு பிளேட்டையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக வைக்க உதவும் பொருத்தக் குறிகள் ஒரே இடத்தில் இருக்கும்படி. பிளேட் எடுப்பவருக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் தேவையில்லை.

படி 8: பணம்

இதைக் கடைசியில் எழுதினாலும் செய்ய வேண்டியது முதல் படியோடு. அப்பாவைத் தெரிந்த அண்ணாச்சியிடம் முன்பணம் கேட்பது கூச்சமாக இருக்கும். அவரும் "நம் பையன்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார். பாதித் தொகை முன்னால், இரண்டு முறை திருத்தம், அதற்குமேல் தனிக் கட்டணம், மூலக் கோப்பு வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை. இவ்வளவையும் நான்கு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகு பென்சிலை எடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனாலும் முதல் பில்லிலிருந்தே வரிசை எண் போட்டு எழுதிப் பழகுங்கள்.

லேபிள் வேலை மட்டும் வீட்டை ஓட்டாது. கோயில் கொடை சீசனில் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, காலையில் ஃபிளெக்ஸ் வேண்டும் என்பார்கள். கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சேர்க்கை நோட்டீஸ், பூப்புனித நீராட்டு பேனர் எல்லாம் வரும். ஏளனம் வேண்டாம், வாடகை அங்கிருந்துதான் வருகிறது. அவசர வேலைக்கு அவசரக் கட்டணம் என்று மட்டும் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

லேபிள் அச்சானதும் பத்துப் பிரதி கேட்டு வாங்கி, எந்தக் காகிதம், எந்த அச்சகம், மை கலவை என்ன என்று ஒன்றின் பின்புறம் எழுதி வையுங்கள். அடுத்த சீசனில் அண்ணாச்சி "அதே நிறத்தில் கருப்பட்டி மிட்டாய்க்கும் ஒன்று" என்று கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.