விண்டோஸில் ஓபன்எஸ்எஸ்எல்: இன்ஸ்டாலரை எங்கே எடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது, பென்டிரைவில் எப்படிக் கொண்டு போவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி காண்ட்ராக்டர்கள் சிலருக்குக் கணக்கு மென்பொருள் எழுதிப் பராமரித்து வருகிறேன். இ-இன்வாய்ஸ் (விலைச்சீட்டை வரித் துறைக்கு மின்னணு முறையில் அனுப்புவது) வந்த பிறகு பலரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மின்னணுக் கையெழுத்துக்காகச் சான்றிதழ் நிறுவனம் கொடுப்பது பி12 கோப்பு (சான்றிதழையும் சாவியையும் கடவுச்சொல்லால் பூட்டி வைத்த ஒரே கோப்பு), மென்பொருள் கேட்பது பெம் கோப்பு (அதே விஷயங்கள் எழுத்து வடிவில்). ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவசக் குறியாக்க மென்பொருள் வேண்டும். அந்த ஓபன்எஸ்எஸ்எல்லை விண்டோஸ் கணினியில் ஒழுங்காகப் போடுவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. வரித் துறையின் மைஇன்வாய்ஸ் போர்ட்டலில் நேரடியாகத் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்களுக்கு இது தேவையில்லை. சொந்த மென்பொருள் வழியாகக் கையெழுத்திட்டு அனுப்புகிறவர்களுக்குத்தான்.

பவர்ஷெல் திறக்கவும் அதில் ஃபோல்டர் மாறவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. யார் கட்டிய இன்ஸ்டாலர்?

எரிக் யங், டிம் ஹட்சன் இருவரும் எழுதிய எஸ்எஸ்எல்ஈஏஒய் என்ற நிரல் நூலகத்திலிருந்து 1998 டிசம்பரில் கிளைத்தது ஓபன்எஸ்எஸ்எல். பல ஆண்டுகளாக அந்தத் திட்டம் மூல நிரலை மட்டுமே வெளியிட்டு வந்தது. அதை ஓடக்கூடிய கோப்பாக மாற்றுவதைத்தான் 'கட்டுவது' என்கிறேன். லினக்ஸில் இது ஒரு பிரச்சினையே இல்லை. உபுண்டு, டெபியன் போன்றவை தாங்களே கட்டி, கையெழுத்திட்டுக் கொடுத்துவிடும். விண்டோஸ்காரர்கள்தான் யாராவது கட்டி வைத்ததைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஷைனிங் லைட் புரொடக்‌ஷன்ஸ், ஃபயர்டீமன் இரண்டும் அப்படி நெடுநாளாகக் கட்டித் தருகிறவை.

ஆகவே முதல் வேலை, ஓபன்எஸ்எஸ்எல்-லைப்ரரி டாட் ஆர்க் தளத்துக்குப் போய்ப் பதிவிறக்கப் பக்கத்தைப் பார்ப்பது. விண்டோஸுக்கு அவர்களே தரும் இன்ஸ்டாலர் அங்கே இருந்தால் அதை எடுங்கள், வேறு எங்கும் போக வேண்டாம். இல்லையென்றால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் விளம்பரத்தையும், எல்லா மென்பொருளையும் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களையும் தொடவே தொடாதீர்கள்.

"நிரல் எல்லாருக்கும் ஒன்றுதானே, யார் கட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றில்லை. நூலகத்தைக் கட்டும்போதே, அமைப்புக் கோப்பை எந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற முகவரி அதற்குள் பதிந்துவிடுகிறது. மிங்டபிள்யூ என்ற கட்டும் கருவியைக் கொண்டு கட்டிய ஓபன்எஸ்எஸ்எல்லில் அந்த முகவரி சி டிரைவில் யுஎஸ்ஆர், லோக்கல் என்று லினக்ஸ் பாணியில் இருந்தது. விண்டோஸில் சாதாரணப் பயனர்கூட சி டிரைவின் அடியில் அப்படி ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, தனக்கு வேண்டிய அமைப்புக் கோப்பை அதில் வைத்துவிட முடியும், ஓபன்எஸ்எஸ்எல் அதையே நம்பிப் படித்துவிடும். 2019 ஜூலையில் இதைப் பாதுகாப்புக் குறையாக அறிவித்தார்கள், எண் சிவிஇ-2019-1552. அதற்கு முந்தைய மாதம், இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கருவியான கர்ல் திட்டமும் இதே போன்ற ஓட்டையை அடைத்தது. அங்கே குறை இருந்தது, கர்ல்காரர்களே விண்டோஸுக்காகக் கட்டி வெளியிட்ட பொதியில். மூல நிரலை வரிவரியாகப் படித்தாலும் இது எளிதில் கண்ணில் படாது. கட்டியவர் என்ன தேர்வு செய்தார் என்பதில் இருக்கிறது விஷயம். அதனால்தான் கட்டியவரின் பெயர் தெரிய வேண்டும், குறை வந்தால் அவர் திருத்தி வெளியிடுகிறவராகவும் இருக்க வேண்டும்.

பதிப்பைப் பொறுத்தவரை 3.5 வரிசையை எடுங்கள். அது நீண்டகால ஆதரவுள்ளது, 2030 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். 3.0 வரிசைக்கு 2026 செப்டம்பரோடு ஆதரவு முடிகிறது. 1.1.1 வரிசைக்கு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. பழைய பயிற்சிப் பக்கங்கள் பல இன்னும் அதைத்தான் போடச் சொல்கின்றன. ஷைனிங் லைட்டில் 'லைட்' என்றும் முழுமை என்றும் இரண்டு இருக்கும். நிரல் எழுதாதவர்களுக்கு லைட் போதும்.

2. திறப்பதற்கு முன் சரிபார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிவிட வேண்டாம்.

இறக்கிய கோப்பின் மேல் வலது க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதி இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கோப்பில் கையெழுத்தே இல்லை. இருந்தால் பெயரைத் தேர்ந்து டீடெயில்ஸ் அழுத்துங்கள். கையெழுத்து சரி என்று விண்டோஸ் சொல்ல வேண்டும். அதோடு, கையெழுத்திட்டவர் பெயரும் நீங்கள் எதிர்பார்த்த பெயராக இருக்க வேண்டும். யாரோ ஒரு கம்பெனியின் சரியான கையெழுத்து நமக்கு எதற்கு?

அடுத்தது ஹேஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண். பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். எஸ்எச்ஏ-256 கணக்கில் 64 எழுத்துகள் வரும். பதிவிறக்கப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். முதல் நாலு, கடைசி நாலு எழுத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் நோட்பேடில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். ஒன்று பெரிய எழுத்திலும் இன்னொன்று சிறிய எழுத்திலும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது பொருட்டல்ல.

இன்ஸ்டாலரும் ஹேஷும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால், அந்த ஹேஷ் காட்டுவது பதிவிறக்கம் பாதியில் கெட்டுப்போகவில்லை என்பதை மட்டும்தான். தளத்துக்குள்ளேயே எவனாவது புகுந்து இன்ஸ்டாலரை மாற்றியிருந்தால் ஹேஷையும் சேர்த்தே மாற்றியிருப்பான். தோட்டத்தில் எடை போட்ட சீட்டை லாரி டிரைவரிடமே கொடுத்தனுப்பி, மில்லில் அதை மட்டும் பார்த்துக் குலையை இறக்கிக்கொள்வது போன்றது அது. வேறு வழியாக வந்த எண் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஷைனிங் லைட் தன் ஹேஷ் பட்டியலை, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பிலும் வைத்திருக்கிறது. அதைக் கைப்பேசியில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

3. பென்டிரைவில் கொண்டு போகும்போது

உள்ளே இருக்கும் தோட்ட ஆபீஸ்களில் இணைய லைன் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே டவுனில் இறக்கி, பென்டிரைவில் எடுத்துப் போவதுதான் வழக்கம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு.

இணையத்திலிருந்து இறக்கிய கோப்போடு 'இது வெளியிலிருந்து வந்தது' என்ற ஒரு குறிப்பை விண்டோஸ் ஒட்டி வைக்கும். விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீனின் நீல நிற எச்சரிக்கை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் வருகிறது. ஆனால் அந்தக் குறிப்பு என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிஸ்க்கில்தான் தங்கும். கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அதில் நகல் எடுத்த உடனே குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. தோட்ட ஆபீஸ் கணினியில் அதே இன்ஸ்டாலரைத் திறந்தால் நீல எச்சரிக்கை வராது. எச்சரிக்கை வரவில்லையே, கோப்பு சுத்தம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்பதற்கு யாரும் இல்லாததால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கையெழுத்தையும் ஹேஷையும் டவுனில் பார்த்ததோடு விடாமல், போய்ச் சேர்ந்த கணினியிலும் மறுபடி பார்ப்பேன். நான் போக முடியாதபோது பென்டிரைவை யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். ஹேஷை அதற்குள் வைக்காமல் கிராணிக்கு (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். "தம்பி, ஒரு ஃபைலைப் பிரிக்கிறதுக்கு இத்தனை கூத்தா?" என்று ஒரு கிராணி அண்ணன் கேட்டார். கம்பெனியின் கையெழுத்துச் சாவியை இந்த மென்பொருளிடம்தான் கொடுக்கப் போகிறோம் அண்ணே என்றேன். அப்புறம் அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார்.

பென்டிரைவில் இன்ஸ்டாலரோடு மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரன்டைமையும் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாத கணினியில் விசிரன்டைம்140 டிஎல்எல் (மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பு) காணோம் என்று பிழை வரும், அங்கே இறக்கவும் லைன் இருக்காது.

4. இன்ஸ்டால்

நெக்ஸ்ட், நெக்ஸ்ட் தான். ஒரே ஓர் இடத்தில் நில்லுங்கள். டிஎல்எல் கோப்புகளை விண்டோஸ் சிஸ்டம் ஃபோல்டரில் போடவா, ஓபன்எஸ்எஸ்எல்லின் சொந்த 'பின்' ஃபோல்டரில் போடவா என்று ஷைனிங் லைட் இன்ஸ்டாலர் கேட்கும். 'பின்' என்பதையே தேர்ந்தெடுங்கள். சிஸ்டம் ஃபோல்டரில் போட்டால், வேறொரு மென்பொருள் தன் பதிப்பை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டு தடுமாறலாம். கடைசியில் நன்கொடை கேட்கும் பெட்டிகளில் டிக் இருக்கும், விருப்பமில்லையென்றால் எடுத்துவிடலாம். முடிந்தால் கொடுங்கள், உழைக்கிறார்கள்.

பிறகு அந்த 'பின்' ஃபோல்டரை பாத் மாறியில் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்து, புதிய பவர்ஷெல் ஒன்றைத் திறந்து 'ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷன் -ஏ' என்று தட்டுங்கள். நீங்கள் போட்ட பதிப்பு எண் வர வேண்டும். வேறு எண் வந்தால் கணினியில் இன்னொரு ஓபன்எஸ்எஸ்எல் இருக்கிறது என்று பொருள். நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் ஃபார் விண்டோஸ் போட்டிருந்தால் அதற்குள்ளேயே ஒன்று வரும். எது ஓடுகிறது என்று பார்க்க 'வேர்.இஎக்ஸ்இ ஓபன்எஸ்எஸ்எல்' என்று முழுப்பெயரில் தட்ட வேண்டும். பவர்ஷெல்லில் வெறும் 'வேர்' என்றால் அது வேறு கட்டளை, ஒன்றும் காட்டாமல் சும்மா இருந்துவிடும்.

5. பி12 கோப்பைப் பிரிக்கும்போது வரும் வம்பு

என்னை அதிக நேரம் உட்கார வைத்த இடம் இது. கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் 'அன்சப்போர்ட்டட்' என்று பிழை வரும். கூடவே ஆர்சி2-40 என்ற பெயர் தெரிந்தால் காரணம் பிடிபட்டுவிடும். பழைய மென்பொருள்கள் பி12 கோப்பைப் பூட்ட 40 பிட் ஆர்சி2 என்ற வலுவற்ற முறையைப் பயன்படுத்தின. 2021 செப்டம்பரில் வந்த 3.0 முதல் ஓபன்எஸ்எஸ்எல் அதை வழக்கமான பட்டியலிலிருந்து எடுத்து, 'லெகசி' என்ற தனி டிஎல்எல்லுக்குள் ஒதுக்கிவிட்டது. ஆகவே 'ஓபன்எஸ்எஸ்எல் பிகேசிஎஸ்12' கட்டளையோடு '-லெகசி' என்று சேர்க்க வேண்டும்.

சேர்த்தும் சில கணினிகளில் 'லெகசி'யை ஏற்ற முடியவில்லை என்று இரண்டாவது பிழை வரும். இன்ஸ்டாலரை ஓட்டாமல், வேறு கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வந்தவர்களுக்கு இது வரும். முகவரி உள்ளேயே பதிந்திருக்கிறது என்று மேலே சொன்னேனே, இந்த டிஎல்எல்லைத் தேடும் முகவரியும் அப்படித்தான். 'ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷன் -எம்' என்று தட்டினால் எங்கே தேடுகிறது என்று காட்டும். அந்த ஃபோல்டரே கணினியில் இல்லாமல் இருக்கலாம். ஓபன்எஸ்எஸ்எல்_மாட்யூல்ஸ் என்ற சூழல் மாறியில் லெகசி டிஎல்எல் இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்தால் வேலை நடக்கும். ஆனால் என் பரிந்துரை, நகலை அழித்துவிட்டு இன்ஸ்டாலரையே ஓட்டுங்கள்.

பிரித்த பெம் கோப்பில் சாவி பூட்டில்லாமல் இருக்கக் கூடாது. '-நோட்ஸ்' போடு, '-நோஎன்க்' போடு என்று சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றினால் சாவி பூட்டில்லாமல் வெளியே வரும். மென்பொருள் அப்படித்தான் கேட்கிறது என்றால், அந்தக் கோப்பைப் பென்டிரைவில் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள்.

6. மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது

3.0 முதல் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு அப்பாச்சி 2.0 உரிமம். மறுவிநியோகம் செய்யலாம், உரிமக் கோப்பை நீக்காமல் சேர்த்தே கொடுங்கள். இன்ஸ்டாலரின் பெயரை மாற்றாதீர்கள், ஜிப்பில் போட்டு உங்கள் லேபிள் ஒட்டாதீர்கள்.

இந்த வகை இன்ஸ்டாலர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. எந்தத் தோட்டம், எந்தக் கணினி, எந்தப் பதிப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பெரிய பாதுகாப்புக் குறை வெளிவந்தபோது 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிப்பு, 1.0.1ஜியில் திருத்தம் என்று அறிவித்தார்கள். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், எந்தக் கணினிக்கு ஓட வேண்டும் என்று உடனே தெரிய வேண்டாமா? நல்ல லைன் உள்ள இடங்களில், கட்டளை வழியாக மென்பொருள் போடும் மைக்ரோசாஃப்டின் விங்கெட் வழியாகப் போடுவது எனக்குப் பிடித்த முறை. புதுப்பிக்க ஒரு வரி போதும், ஹேஷையும் அதுவே ஒப்பிட்டுவிடும்.

பிற்சேர்க்கை: கிட் ஃபார் விண்டோஸோடு வரும் கட்டளைத் திரையான கிட் பாஷில் கட்டளை கொடுத்தால் கடவுச்சொல் கேட்காமல் அப்படியே நின்றுவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கட்டளைக்கு முன்னால் 'வின்ப்டி' என்று சேர்த்துப் பாருங்கள், அல்லது பவர்ஷெல்லுக்கே வந்துவிடுங்கள்.

இன்னொன்று: பஹாவிலிருந்து ஒருவர், எல்லாம் சரியாகப் போட்டும் தன் பழைய விபி6 (விஷுவல் பேசிக் 6) கணக்கு மென்பொருள் டிஎல்எல்லைக் கண்டுகொள்ளவில்லை என்றார். அது 32 பிட் மென்பொருள், 64 பிட் டிஎல்எல்லை ஏற்ற அதனால் முடியாது. அவருக்கு வின்32 இன்ஸ்டாலர்தான் வேண்டும். கோப்புப் பெயரைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: லிப்கிரிப்டோ-3 என்று மட்டும் இருந்தால் 32 பிட், பின்னால் எக்ஸ்64 என்று இருந்தால் 64 பிட். இரண்டையும் ஒரே கணினியில் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம், பாத் மாறியில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.