தனிமத்தை அடையாளம் காண ஒரே ஒரு எண் போதும்

அணு அமைப்புக் கணக்குகளில் குழப்பம் வந்தால், முதலில் புரோட்டான்களை மட்டும் பாருங்கள். 6 புரோட்டான் இருந்தால் அது கார்பன், 7 இருந்தால் நைட்ரஜன். இதில் விதிவிலக்கே கிடையாது. தனிம வரிசை அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் முழு எண், அதாவது அணு எண், இதைத்தான் சொல்கிறது.

எலக்ட்ரான்களை வைத்துத் தனிமத்தை முடிவு செய்யாதீர்கள். சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்தால் நியானைப் போலவே 10 எலக்ட்ரான்களுடன் நிற்கும். ஆனாலும் அதன் உட்கருவில் 11 புரோட்டான்கள் இருப்பதால் அது சோடியம்தான். நிறையும் ஏமாற்றும்: கார்பன்-14, நைட்ரஜன்-14 இரண்டுக்கும் நிறை எண், அதாவது புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை, ஒன்றே.

நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான் எண்ணிக்கை கிடைக்கும். இங்கேதான் பல மாணவர்கள் சறுக்குகிறார்கள். அட்டவணையில் உள்ள தசம எண் நிறை எண் அல்ல. இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணுக்களின், சராசரி நிறை. தாமிரத்துக்கு 63.55 என்று இருக்கும். அதை 64 ஆக்கி 29-ஐக் கழித்தால் 35 நியூட்ரான் என்று விடை வரும். ஆனால் இயற்கைத் தாமிரத்தில் அப்படியோர் அணுவே இல்லை! இருப்பவை தாமிரம்-63, தாமிரம்-65 மட்டுமே. அவற்றில் முறையே 34, 36 நியூட்ரான்கள். ஆகவே கேள்வியில் எந்த ஐசோடோப்பு என்று கொடுத்திருந்தால் அந்த எண்ணையே எடுங்கள், சராசரியைத் தொடாதீர்கள்.

வேதிப் பண்புகளுக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான்களே முக்கியம். சோடியம், பொட்டாசியம் இரண்டுமே தண்ணீரில் வேகமாக வினைபுரிவது, இரண்டின் வெளிக்கூட்டிலும் ஒற்றை எலக்ட்ரான் இருப்பதால்தான்.