வடசென்னைக் கல்யாணத்தை நம்ம ஊர்க் கலையோடு நடத்துவது எப்படி?

டெக்கரேஷன்காரரிடம் "பாரம்பரியமாக வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஆல்பத்தைத் திறப்பார். கேரளத்துச் செண்டை, ராஜஸ்தான் பொம்மை, தெர்மாகோல் கோயில் தூண், வாசலில் ஒரு மாட்டு வண்டி. எல்லாம் அழகுதான். ஆனால் தண்டையார்பேட்டையில் நடக்கும் கல்யாணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய கதையும் பாட்டும் துணியும் வடசென்னையிலேயே இருக்கின்றன. முதல்முறை இறங்குபவர்களுக்காக ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முன்னதாக ஒன்று. பட்ஜெட் எழுதும்போது கலைஞர்களை முதல் வரியில் போடுங்கள், மேடை அலங்காரத்தைக் கடைசியில். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மேளக்காரருக்கு மிச்சம் மீதிதான் போகிறது.

படி 1: ஒரே ஒரு இழையைப் பிடியுங்கள்

எல்லாவற்றையும் சேர்த்தால் பொருட்காட்சி ஆகிவிடும். வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

திருவொற்றியூர்ப் பக்கம் உள்ளவர்களுக்குக் கதை தயாராகவே இருக்கிறது. நாயன்மார்களில் ஒருவரான சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த ஊர் அது. "உன்னைப் பிரியேன்" என்று சந்நிதியில் சத்தியம் செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட சுந்தரர், சிவனைக் கொஞ்ச நேரம் மகிழ மரத்தடிக்குப் போய் இருக்கச் சொன்னார். சிவனோ, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லி சங்கிலியாரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் இது நடக்கிறது. பத்திரிகையில், கோலத்தில், மணமேடைத் திரையில் என எல்லா இடத்திலும் மகிழம்பூவையே வரைந்தால் போதும், தீம் வந்துவிடும். (சத்தியத்தை மீறிய சுந்தரருக்குக் கண் போன பின்பாதியை மேடையில் சொல்ல வேண்டாம், மாமனார் முறைப்பார்.)

அடுத்தது நெசவு. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் உண்டு. தேவாலயக் கல்யாணமோ நிக்காஹோ, துணி என்கிற இழை யாருக்கும் பொருந்தும்.

படி 2: மண்டபம்

முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். வெளியிலிருந்து அலங்காரக்காரரை அழைத்துவர விடுவார்களா? தவிலும் பறையும் எத்தனை மணி வரை அடிக்கலாம்? "எங்க ஆளுதான் டெக்கரேஷன் செய்வார்" என்று கறாராகச் சொன்னால் வேறு மண்டபம் பாருங்கள்.

படி 3: மேளம்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வழக்கமான செட் என்றால் 2 நாதஸ்வரம், 2 தவில், தாளம், சுருதிப்பெட்டி. நல்ல முகூர்த்த நாட்களில் நல்ல செட் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆகவே மண்டபத்தோடு சேர்த்தே இதையும் பேசி முடியுங்கள். வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோயில் உற்சவத்திலோ வேறொரு கல்யாணத்திலோ நேரில் கேளுங்கள்.

என்ன வாசிக்கச் சொல்வது? தியாகராஜர் திருவொற்றியூர் வந்தபோது வடிவுடையம்மன் மீது பாடிய 5 கீர்த்தனைகள் இருக்கின்றன. கல்யாணி, ஆரபி, பேகடா என்று ராகங்களே கல்யாணக் களை கட்டும். முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் குடும்பத்தோடு மணலியில் இருந்தவர். வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் எழுதிய நோட்டு சுரங்கள் வரவேற்புக்கு அருமையாகப் பொருந்தும். குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, அவர்கள் வாசிக்கக்கூடியதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் போய் நீட்டாதீர்கள்.

மாப்பிள்ளை அழைப்புக்குப் பறை வைக்கலாம். "அது சாவுக்கு அடிப்பதாச்சே" என்று யாராவது இழுப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் அந்தப் பேச்சைத் தெருவில் வைத்து அல்ல, வீட்டிலேயே முன்னாடி பேசி முடித்துவிடுங்கள்.

படி 4: துணி

கூறைப்புடவைக்குக் காஞ்சிபுரம் என்றால், கோர்வையா என்று கேளுங்கள். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் (ஊடு நூலை ஓட்டும் கருவி) நெய்து கோப்பதுதான் கோர்வை. சில்க் மார்க் பட்டு சுத்தமா என்பதற்கு மட்டும்தான். கையால் நெய்ததா என்பதற்குக் கைத்தறி முத்திரை தனி. உறவுக்காரர்களுக்கு எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போதும்.

எனக்குப் பிடித்தது தாம்பூலப் பை. மெட்ராஸ் செக்ஸ் (Madras checks) என்று உலகம் சுற்றிய கட்டம் போட்ட துணி இருக்கிறதே, அதில் தையுங்கள். 8 அங்குல அகலம், 10 அங்குல உயரப் பைக்கு 9க்கு 22 அங்குலத் துண்டு தேவை. 44 அங்குல அகலத் துணியில் மீட்டருக்கு 8 பை வரும். 400 பைக்கு 50 மீட்டர். வெட்டுவதற்கு முன் ஒரு துண்டை நனைத்துப் பாருங்கள். சாயம் போனால், ஈர வெற்றிலையை வைத்ததும் விருந்தாளியின் பட்டுப்புடவை காலி.

படி 5: பத்திரிகை

பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் காகிதமும் கார்டும் ஒரே நடையில் முடியும். பெயர்களை இரண்டு வீட்டாரும் உரக்கப் படித்துச் சரிபார்க்கட்டும்.

படி 6: கோலம்

ஸ்டிக்கர் கோலம் வேண்டவே வேண்டாம். பச்சரிசியை 3 மணி நேரம் ஊற வைத்து வழவழவென அரைத்து, மோர் பதத்துக்குக் கரையுங்கள். ஒரு சின்னத் துணியை அதில் முக்கி உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு லேசாகப் பிழிந்தால் மோதிர விரல் வழியாக மாவு இழையாக இறங்கும். போடும்போது மங்கலாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். காய்ந்ததும் பளிச்சென்று வெளுக்கும். அப்புறம் சுற்றிக் காவி. வழுக்கும் டைல்ஸில் மாவு நிற்காது. வாசல் சிமெண்டுத் தரையையோ மணைப்பலகையையோ தேர்ந்தெடுங்கள். முந்தின ராத்திரியே போட்டுவிட்டு, துடைக்க வருபவரிடம் சொல்லி வையுங்கள்.

படி 7: அன்றைக்கு

கெட்டிமேளத்துக்குக் கை காட்ட ஒரே ஒரு ஆளை நியமியுங்கள். நாலு பேர் நாலு பக்கம் கை காட்டினால் தவில்காரர் யாரைப் பார்ப்பார்? கலைஞர்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போடுங்கள். முகூர்த்தம் முடிந்து போட்டோ வரிசை நீளும், பணம் கொடுக்க வேண்டியவர் மேடையில் மாட்டிக்கொள்வார். அதனால் சம்பளத்தையும் வேட்டி, வெற்றிலை பாக்கையும் முந்தின நாளே தட்டில் எடுத்து வைத்து, பொறுப்பை ஒரு சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிடுங்கள்.