ஓடை அறுந்த பிறகு மடுவைப் பார்த்துக்கொள்வது எப்படி

எங்கள் சிவகங்கைப் பக்கம் மாசி தாண்டினால் ஓடையில் ஓட்டம் நின்றுவிடும். அப்புறம் மிஞ்சுவது அங்கங்கே தேங்கிய மடுக்கள்தான். இருக்கிற மீனெல்லாம் அதற்குள் அடைபடும். உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று முதலில் பாருங்கள்.

அதற்கு விடிவதற்குச் சற்று முன்னால் போக வேண்டும். பகலில் ஆக்சிஜன் விடுகிற பாசி, ராத்திரியில் மீனோடு சேர்ந்து தானும் அதை இழுக்கும். அதனால் விடியக்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவு. டார்ச்சைத் தண்ணீர் மேல் நேராக அடிக்காமல் கரையில் அசையாமல் உட்காருங்கள்.

ஒரு மீன் விருட்டென்று மேலே வந்து, ஒரு வாய் காற்று வாங்கி, குமிழி விட்டு உள்ளே போனால் கவலையில்லை. அது விரால், குரவை, தேளி இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும். விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்று வாங்கத் தனி அறை உண்டு. தேளிக்கு வால் பக்கம்வரை நீளும் காற்றுப்பை. அயிரை இன்னும் வேடிக்கை: விழுங்கிய காற்றைக் குடலாலேயே உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைப் பின்பக்கமாக விட்டுவிடும். விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்தும் கோடையைத் தள்ளும். இவற்றுக்கு உங்கள் உதவி தேவையே இல்லை. பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி அடுத்த பள்ளத்துக்கே போய்விடும். தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, அது பனைமரத்தில் ஏறியதையே பார்த்ததாக எழுதி 1797ல் லண்டனில் அச்சேறியது. மரமேறியதை நான் பார்த்ததில்லை. தரையில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சின்னக் கெண்டைகள் கூட்டமாக வாயை மேல்மட்டத்திலேயே வைத்துக்கொண்டு, ஆள் நிழல் பட்டும் கலையாமல் நின்றால்தான் ஆபத்து. காற்று தொடுகிற அந்த மெல்லிய மேல்தண்ணீரில் மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்போது செய்ய வேண்டியது நிழல். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். கரையில் நிற்கிற மருதையும் புங்கையையும் யாரும் வெட்டாமல் பாருங்கள். காய்ந்த முள்கிளை நாலைந்தைத் தண்ணீருக்குள் சாய்த்துப் போட்டால் கொக்குக்கும் வலைக்கும் தடை. பச்சைக் குழை மட்டும் வேண்டாம். அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். பாவம் என்று பொரி, சோறு போடுவதும் அதே கதைதான். சேற்றைக் கலக்காதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர் மடுவில் மோட்டார் வைத்திருந்தால் பேசிப் பாருங்கள். பாதி நீரையாவது இறைக்காமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள். போர்த்தண்ணீர் விட்டால் நேராகப் பாய்ச்சாமல் கல்மேல் விழுந்து சிதறும்படி விடுங்கள், நிலத்தடி நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு.

மீனை மாற்றுவது கடைசி வழி. மடு சில நாளில் வற்றிவிடும் என்று உறுதியானால் மட்டும், அதே ஓடையில் நிழலுள்ள வேறு மடுவுக்கு, வெயில் ஏறுமுன் கொண்டுபோங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், வாளிக்குக் கொஞ்சமாகப் போடுங்கள், மூடி வையுங்கள். வாளித் தண்ணீரோடு மடுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்த பிறகே விடுங்கள். ஜிலேபிக் கெண்டையை ஏற்றவே வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கே இந்தியாவில் தடை, அதையும் தொடாதீர்கள். தேளியை வெறுங்கையால் பிடித்தால் முள் குத்தும். குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்குங்கள், வலி தணியும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் மழையில் குப்பையும் சாணியும் கரைந்து கறுப்பாக வரும் தண்ணீரில் கொஞ்சம் மீன் செத்து மிதக்கலாம். தப்பியவை புதுத்தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும், முட்டையிடத்தான். அந்தச் சில நாள் ஓடைத் திருப்பத்தில் வலை கட்டாமல் இருக்க ஊரில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மழை இறங்கிய பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.