இதய எம்ஆர்ஐ: காபியை நிறுத்துங்கள், மூச்சைப் பழகுங்கள்

இதய எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு டாக்டர் எழுதிய சீட்டில் 'ஸ்ட்ரெஸ்' (மருந்து ஏற்றி இதய ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை) என்று இருக்கிறதா, முதலில் பாருங்கள். இருந்தால் ஸ்கேனுக்கு முந்தைய 24 மணி நேரம் காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. இதயத்தின் ரத்தக் குழாய்களை விரிய வைக்க வழக்கமாக அடினோசின் மருந்தை ஏற்றுவார்கள். உடம்பில் காஃபின் இருந்தால் அந்த மருந்து சரியாக வேலை செய்யாது, ரத்தம் குறைவாகப் போகும் இடம்கூட நன்றாக இருப்பதுபோலத் தெரிந்துவிடும். வாசலில் காபிக்கொட்டை காயும் ஏற்காட்டுக்காரர்களுக்கு இது கஷ்டம்தான், ஆனாலும் மலை இறங்கும் வழியில் ஒரு வாய்கூட வேண்டாம். மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் உலோகம். ஸ்கேன் ஓடாதபோதும் எம்ஆர்ஐ கருவியில் இருக்கும் பெரிய காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கொலுசு, மெட்டி, அரைஞாண், தாலிக்கொடி, ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வெள்ளியைக் காந்தம் இழுக்காதே என்று வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர் யாராவது வாதாடலாம், சரிதான், ஆனால் வெள்ளி சூடாகலாம், திருகாணி வேறு உலோகமாக இருக்கலாம். லேத், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் தெறித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டென்ட் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பேஸ்மேக்கர் என்றால் அதன் அட்டை இல்லாமல் போகவே கூடாது, எல்லா மாடலும் எம்ஆர்ஐக்கு ஒத்துவராது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் வேண்டும், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் கடோலினியம் மருந்து சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

உள்ளே ஏறத்தாழ ஒரு மணி நேரம். மார்பில் ஈசிஜி ஒயர் ஒட்டுவார்கள், துடிப்போடு சேர்த்துத்தான் படம் எடுக்க முடியும். சத்தம் தடதடவென்று இருக்கும், காதை அடைக்கத் தருவார்கள். பயமாக இருந்தால் கையில் கொடுத்த ரப்பர் பல்பை அமுக்கி ஆளைக் கூப்பிடுங்கள். முக்கியமானது மூச்சு: பெரும்பாலும் வெளியே விட்டுவிட்டு 10 முதல் 15 விநாடி அடக்கச் சொல்வார்கள், பலரும் ஆழமாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள், அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் இதயத்தின் இடம் மாறிவிடும். முந்தைய நாளே படுத்தபடி பழகுங்கள்.

எத்தனை பர்சன்ட் அடைப்பு என்று இதில் தேடாதீர்கள், அதற்கு சி.டி. ஸ்கேன் ஆஞ்சியோவோ, குழாய் விட்டு எடுக்கும் கத்தீட்டர் ஆஞ்சியோவோதான். இதயத் தசையின் தழும்பு, வீக்கம், தடிப்பு, மகாதமனியின் அகலம் இதெல்லாம் எம்ஆர்ஐயில் நன்றாகத் தெரியும். ரிப்போர்ட்டோடு படங்கள் பதிவான சிடி தட்டையும் கேட்டு வாங்குங்கள், இதயம் சுருங்கி விரியும் படம் அதில்தான் இருக்கும்.