கொடிகாமத்திலிருந்து சுன்னாகத்துக்கு: கணினியில் ஒரு சந்தை ரயிலை உருவாக்குவது எப்படி

கணினியில் ரயில் ஓட்டும் ஓபன் ரெயில்ஸ் விளையாட்டைத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த எஞ்சின் நல்லது என்றுதான். சொந்தமாக ஒரு ரயில் சேவையை உருவாக்க நினைத்தால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் வண்டியில் யார் ஏறப்போகிறார்கள்? எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்கு, கையில் என்ன சாமானோடு? இதற்குப் பதில் இருந்தால் பெட்டி எத்தனை, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது எல்லாம் ஒவ்வொன்றாகத் தானே வந்து சேரும்.

என் சேவைக்கு அந்தப் பதில் அம்மம்மாவிடமிருந்து வந்தது. அவருக்கு ஊர் மீசாலை. விடியப்புறம் எழும்பி, பலாப்பழமும் தேங்காயும் கடகத்தில் அடுக்கி, கோச்சியில் சுன்னாகம் சந்தைக்குப் போன கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் ரயில் பார்க்க ஆசைப்பட்ட வயதில் யாழ்ப்பாணத்தில் ரயில் இல்லை. 1990 ஜூனில் நின்ற ஓட்டம் 2014 அக்டோபர் 13ஆம் திகதிதான் யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போரில் பங்கர் கட்டப் போய்விட்டன. அதனால் எனக்கு ரயில் என்றால் முதலில் அம்மம்மாவின் கதை, பிறகுதான் இரும்பு. சுன்னாகம் சந்தைக்கு விடியப்புறம் போகும் ஒரு வண்டி: என் சேவையின் முழு விபரமும் இந்த ஒரு வரிதான். நீங்களும் இப்படி ஒரு வரி எழுதிவிட்டுக் கணினியைத் திறவுங்கள்.

ஓபன் ரெயில்ஸ் இலவசம். 2001இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ரயில் விளையாட்டுக்காக உலகம் முழுவதும் ஆட்கள் செய்துவைத்த ரூட்டுகளையும் (தண்டவாளமும் ஸ்டேஷன்களும் அடங்கிய பாதைகள்) எஞ்சின்களையும் இது ஓட்டும். எங்கள் சின்னக் குழுவில் ஒரு தம்பி மூன்று வருடம் மினக்கெட்டு, பளையிலிருந்து காங்கேசன்துறை வரை ஒரு ரூட் செய்து தந்தான். நான் ஓடுவது அதில்தான். உங்களிடம் ஊர் ரூட் இல்லாவிட்டால் இணையத்தில் கிடைக்கும் இலவச ரூட் ஒன்றை இறக்குங்கள். வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் ஒற்றைப் பாதை உள்ள ரூட்டாகத் தேடுங்கள். இரட்டைப் பாதையில் எதிர் வண்டியைப் பற்றிக் கவலையே இல்லை, அதனால் நேர அட்டவணை போடுவதில் ருசியும் இல்லை.

அடுத்தது வண்டி. ஆறு பெட்டி போட்டேன்: நான்கு மூன்றாம் வகுப்பு, கடகமும் சாக்கும் ஏற்ற இரண்டு சாமான் பெட்டி. இழுக்க எம்2. 1954இல் கனடாவிலிருந்து வந்த எஞ்சின் வரிசை அது. சிலவற்றுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயரே வைத்தார்கள், ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று. எங்கள் குழுவில் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஒன்டாரியோவைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டான், அவனுக்கு அது இரண்டு ஊருக்கும் பொதுவான எஞ்சின். பெட்டி வரிசையைக் கோர்த்து வைக்கும் கோப்புக்குக் கன்சிஸ்ட் என்று பெயர். கோர்த்ததும் ஒருமுறை தனியாக ஓட்டி, நீளம் பிளாட்பாரத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். என் கடைசிப் பெட்டி மீசாலையில் வெளியே நின்றது. சாமான் பெட்டிகளை முன்னுக்குக் கொண்டுவந்து, வெளியே நிற்பது ஆளில்லாத பெட்டியாக இருக்கும்படி எஞ்சினைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சரியாகிவிட்டது.

பிறகு பாத். வண்டி எங்கே தொடங்கி, எந்தப் பொயின்ட்டில் (தண்டவாளம் பிரியும் இடத்தில்) திரும்பி, எங்கே முடியும் என்று வரைந்து வைப்பது. ஓபன் ரெயில்ஸோடு வரும் டிராக் வியூவர் கருவியிலேயே வரையலாம். இதில் சொல்ல அதிகமில்லை. கொடிகாமத்தில் லூப்பிலா (வண்டிகள் விலகுவதற்கான பக்கப் பாதை) நேர்ப்பாதையிலா தொடங்குகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நேர அட்டவணைக்குத்தான் என் இரண்டு வாரம் போனது, போனதில் வருத்தமே இல்லை. ஊகத்தில் நேரம் எழுதாதீர்கள். முதலில் நேரமே இல்லாமல் மூன்று தரம் ஓட்டுங்கள், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வந்த நேரத்தையும் வெளிக்கிட்ட நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். மூன்றில் மிக வேகமான ஓட்டத்தை அட்டவணைக்கு எடுக்கக் கூடாது. நடுவிலுள்ளதை எடுத்து, பத்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். எனக்கு இப்படி வந்தது: கொடிகாமம் 05:05, மீசாலை 05:12, சாவகச்சேரி 05:18 முதல் 05:23 வரை, நாவற்குழி 05:35, யாழ்ப்பாணம் 05:43 முதல் 05:50 வரை, கோண்டாவில் 05:58, சுன்னாகம் 06:06. சங்கத்தானை, தச்சன்தோப்பு, புங்கன்குளம், கொக்குவில், இணுவில் ஐந்திலும் நிற்காது. இணுவிலில் நிற்காதது எனக்கே மனவருத்தம்தான். ஆனால் அங்கே நின்றால் சுன்னாகத்துக்கு மூன்று நிமிடம் பிந்தும், கடகத்தோடு இறங்குகிறவருக்கு அந்த மூன்று நிமிடத்தில் சந்தையில் நல்ல இடம் போய்விடும்.

சாவகச்சேரியில் ஐந்து நிமிடம் ஏன் என்று மச்சான் கேட்டான். ஆள் ஏற ஒரு நிமிடம் போதும்தான். ஆனால் அது சந்தை ஊர், மாம்பழமும் பலாப்பழமும் அங்கேதான் கூடுதலாக ஏறும். ஒருவர் கடகத்தை மேலே தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் உள்ளேயிருந்து வாங்க வேண்டும். சாமான் ஏற மூன்று நிமிடம் என்று வைத்தேன். மீதி இரண்டு நிமிடம் எதிர் வண்டிக்கு.

எதிர் வண்டி என்ற இடத்தில்தான் பெரும்பாலான புதுச் சேவைகள் விழுந்துவிடுகின்றன. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டியும் விலகுவதற்கு லூப் வேண்டும். எங்கள் ரூட்டில் கொடிகாமம், சாவகச்சேரி, யாழ்ப்பாணம், சுன்னாகம் நான்கிலும் லூப் உண்டு, நாவற்குழியில் இல்லை. முதல் அட்டவணையில் அதை யோசிக்காமல், யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வரும் வண்டியை 05:20க்கு வெளிக்கிட வைத்துவிட்டேன். மச்சான் அதை ஓட்டினான், நான் என் சந்தை வண்டியை. நாவற்குழிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இருவருக்கும் சிவப்பு. கடைசியில் நான் சாவகச்சேரி வரை பின்னோக்கி வந்தேன், நாற்பது நிமிடம் போய்விட்டது.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒரு கோட்டுப்படம். கணக்குக் கொப்பியில் கிடையாக நேரத்தையும், குத்தாக ஸ்டேஷன்களைத் தூரத்துக்குத் தக்கபடியும் குறியுங்கள். உங்கள் வண்டிக்கு ஒரு சாய்கோடு, எதிர் வண்டிக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. இரண்டும் வெட்டும் இடம் லூப் உள்ள ஸ்டேஷனில் விழ வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோட்டை இடமோ வலமோ நகர்த்துங்கள். நான் தெற்கு வண்டியை 05:00க்கு மாற்றியதும் கோடுகள் சாவகச்சேரியில் 05:20க்கு வெட்டின. உண்மையான ரயில்வேக்களும் நெடுங்காலமாக இப்படித்தான் கோடு போட்டு அட்டவணை அமைத்து வருகின்றன.

கோட்டுப்படம் சரியானதும் அதை விளையாட்டுக்குப் புரியும் வடிவில் எழுத வேண்டும். எக்செல் போன்ற எந்த விரிதாளும் போதும். மேல் இடது மூலைக் கட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். முதல் நிரலில் ஸ்டேஷன் பெயர்கள், முதல் வரியில் வண்டிப் பெயர்கள், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நிரல். அதோடு # குறி போட்டு பாத், கன்சிஸ்ட், ஸ்டார்ட் என்று மூன்று வரி. நேரம் 24 மணிக் கணக்கில். சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்து, ரூட்டின் அக்டிவிட்டீஸ் கோப்புறைக்குள் ஓபன்ரெயில்ஸ் என்ற பெயரில் உள்ள உட்கோப்புறையில் போடுங்கள். சாவகச்சேரி நேரத்துக்குப் பக்கத்தில் டாலர் குறியோடு ஹோல்ட் என்ற கட்டளையைச் சேர்த்தேன். வெளிக்கிடும் 05:23க்கு இரண்டு நிமிடம் முன்பு வரை அது வெளிச்செல்லும் சிக்னலைச் சிவப்பிலேயே வைத்திருக்கும்.

ஸ்டேஷன் பெயரை ரூட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். சாவகச்சேரியை ஆங்கிலத்தில் எழுதும்போது நான் ஒரு எச் (h) எழுத்தை விட்டுவிட்டேன். அட்டவணையில் அந்த ஸ்டேஷனே இல்லாதது போல விளையாட்டு நடந்துகொண்டது. இப்படி ஏதாவது நடந்தால் டெஸ்க்டொப்பில் உருவாகும் லொக் கோப்பைத் திறந்து பாருங்கள், எந்தப் பெயர் பொருந்தவில்லை என்று அதில் இருக்கும்.

பெயரையும் அவசரப்பட்டு வைக்காதீர்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது, இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்களின் முகம் மலர்கிறது. சந்தைதேவி என்று முதலில் எழுதி, இன்னொரு பெயரின் நிழல் போல இருந்ததால் அடித்துவிட்டேன். ஐந்து மணிக்குக் கிழக்கே தெரியும் விடிவெள்ளி நிலைத்தது. எண்ணும் கொடுங்கள். யாழ்தேவிக்கு 4077, 4078 போல, போக ஒன்று, வர ஒன்று.

சரி, சேர்ந்து ஓட்டுவது. தனியே சோதிக்க நேர அட்டவணை முறை நல்லது. நாங்கள் இணையத்தில் ஒன்றாக ஓட்டும்போது அட்டவணை இல்லாமல் ஓட்டும் எக்ஸ்புளோர் முறையில் போய், அட்டவணையை அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். எல்லோரிடமும் ஒரே ரூட், ஒரே கன்சிஸ்ட் கோப்புகள் இருக்க வேண்டும். தொடங்கும் நேரமும் பருவமும் வானிலையும் ஒன்றாக இருக்க வேண்டும், பாத் மட்டும் ஆளுக்கொன்று. ஒருவருடைய கணினி சேவையகமாக இருக்கும். அவருடைய ரூட்டரில் 30000 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும். இங்கே நாங்கள் பாவிப்பது கைபேசி டேட்டா என்பதால் வெளியிலிருந்து எங்கள் கணினிக்கு வர முடியவில்லை. அதனால் மச்சான்தான் சேவையகம். எங்களுக்கு இரவு ஒன்பது மணி என்றால் கோடை காலத்தில் அவனுக்குக் காலை பதினொன்றரை. சேவையகத்தில் இருப்பவர் கன்ட்ரோலோடு 9 அழுத்தினால் முழுப் பாதையும் படமாக வரும், பொயின்ட்டும் சிக்னலும் அவர் கையில். ஓட்டத் தெரிந்தவரைவிட, ஆறுதலாகக் கதைக்கத் தெரிந்தவரை அந்த இடத்தில் வையுங்கள்.

ஓட்டும்போது பிரேக்கைப் பற்றி ஒன்று. எங்கள் வண்டிகளில் வெக்கூம் பிரேக். மானியில் 21 அங்குலம் காட்டினால் பிரேக் விட்டிருக்கிறது, குறையக் குறைய இறுகும். பிடித்தது விட நேரமெடுக்கும், அதனால் பிடித்துப் பிடித்து விடக் கூடாது. சாவகச்சேரிக்கு நான் வருவது மணிக்கு 55 கிலோமீற்றரில். பிளாட்பாரம் தொடங்க அரைக் கிலோமீற்றர் இருக்கும்போது 16க்கு இறக்கி, அப்படியே விடுவேன். வேகம் இருபதுக்கு வந்ததும் மெதுவாக விடத் தொடங்கினால், நிற்கும் நேரத்தில் ஊசி 20ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். பெட்டிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்கும். எஃப்4 அழுத்தினால் முன்னால் உள்ள சிக்னலும் வேக எல்லையும் தெரியும். நானும் முதலில் அதைப் பார்த்துத்தான் பழகினேன், இப்போது பாதையோரத்துப் பனைகளே போதும்.

முதல் ஐந்து ஓட்டத்துக்குப் பிறகு அட்டவணையை ஒருமுறை திருத்துங்கள். எனக்கு யாழ்ப்பாணத்துக்கு எப்போதும் ஒரு நிமிடம் பிந்தியது. நாவற்குழிப் பாலத்தில் தம்பி போட்டிருந்த வேகக் கட்டுப்பாட்டை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நிற்கும் ஏழு நிமிடத்தை ஆறாக்கினேன். சுன்னாகம் 06:06 அப்படியே நிற்கிறது.

இப்போது திரும்பி வரும் வண்டியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சந்தை கலைய ஒன்பது ஆகும், அப்புறம் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வருவார்கள். அதனால் சுன்னாகம் 09:40. கடகம் எல்லாம் வெறுமை, சாவகச்சேரிக்கு ஒரு நிமிடம் போதும். மீசாலையில் மட்டும் இரண்டு நிமிடம் வைத்திருக்கிறேன்.